பூஸ்ட் கூடியது, வேகம் குறைந்தது: ஒரு சிடிஎஸ்-வி காரின் கால் மைல் கணக்கு

என் 2011 காடிலாக் சிடிஎஸ்-வி ஒரு ஓட்டத்தில் கால் மைலை (சுமார் 400 மீட்டர்) 11.6 வினாடியில் முடிக்கும். கொஞ்ச நேரம் கழித்து அதே பாதையில் விட்டால் 12.2 காட்டும். அதற்கடுத்த ஓட்டம் 11.9. டிராக் ரேஸ், அதாவது நின்ற இடத்திலிருந்து கிளம்பி நேர்ப்பாதையில் ஓடும் பந்தயம், பழக்கமில்லாதவர்களுக்கு இது அற்ப வித்தியாசமாகத் தோன்றலாம். ஆனால் மணிக்கு 121 மைல் வேகத்தில் 0.6 வினாடி என்பது முப்பது மீட்டருக்கும் அதிகம். ஆறு கார்களை வரிசையாக நிறுத்தும் தூரம். இன்று ஓடிய அதே காரா நேற்றும் ஓடியது என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பெரிய இடைவெளி அது.

காரைப் பற்றிக் கொஞ்சம். 6.2 லிட்டர் எல்எஸ்ஏ வி8 எஞ்சின், அதன் தலைமேல் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் 1.9 லிட்டர் ஈட்டன் டிவிஎஸ் சூப்பர்சார்ஜர், 6 கியர் ஆட்டோமேட்டிக். தொழிற்சாலைக் கணக்கில் 556 குதிரைத்திறன். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் சூப்பர்சார்ஜரை இன்னும் வேகமாகச் சுழற்றச் சின்ன புல்லி, அழுத்தத்தில் சூடேறும் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலருக்குப் பெரிய தண்ணீர் பம்ப், எஞ்சின் கம்ப்யூட்டருக்கு அதற்கேற்ற டியூன் எல்லாம் போட்டிருந்தார். எரிபொருள் டெக்சாஸ் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரண 93 ஆக்டேன் பெட்ரோல். பின்பக்கம் மட்டும் டிராக் ரேடியல்: டிராக் ரேஸுக்காகச் செய்த, சாலையிலும் ஓட்ட அனுமதி உள்ள டயர். இதே காரில்தான் வேலைக்கும் போகிறேன்.

ஓட்டுவது டல்லாஸுக்குத் தெற்கே, என்னிஸ் ஊருக்கு அருகிலுள்ள டெக்சாஸ் மோட்டார்பிளெக்ஸில். 1986-இல் பில்லி மேயர் கட்டிய பாதை; கால் மைல் முழுவதும் கான்கிரீட். 1988 ஏப்ரலில் எடி ஹில் டாப் ஃப்யூல் என்ற அதிவேகப் பந்தய வகை வண்டியில் முதன்முதலாக 5 வினாடிக்குள் கால் மைலை முடித்தது இங்கேதான். 4.990 வினாடி. என் கார் அந்த நேரத்தில் பாதித் தூரத்தைக்கூடத் தாண்டியிருக்காது. ஆனாலும் அந்தப் பாதையில் நிற்கும்போது ஒரு மரியாதை தானாக வந்துவிடும். முக்கியமான விஷயம், பாதை நல்ல பாதை. "ரோடு சரியில்லை" என்று பழியை அதன் மேல் போட முடியாது.

கார் சரியாக ஓடாதபோது கூடியிருப்பவர்கள் சொல்லும் முதல் வார்த்தை 'சூடு'. சூப்பர்சார்ஜர் கார் என்றால் முதல் ஓட்டம் நன்றாக இருக்கும், அடுத்தடுத்து மெதுவாகும், ஐஸ் பையை மேலே வை, சரியாகிவிடும். பல கார்களுக்கு அது உண்மையும்கூட. என் காருக்கு அந்தக் கதை பொருந்தவில்லை. பானெட்டைத் திறந்து நெடுநேரம் ஆறவிட்ட பிறகு ஓடிய ஓட்டம் மோசமாக இருக்கும். உடனடியாகத் திரும்பி வந்து வரிசையில் நின்று ஓடியது நன்றாக இருக்கும். சூடு மட்டும் காரணமென்றால் அதற்கு ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். இங்கே ஒழுங்கே இல்லை.

அதனால் பாகங்கள் எதையும் மாற்றுவதற்கு முன்னால் டைம்ஸ்லிப்புகளை, அதாவது ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பாதையில் கொடுக்கும் நேரச் சீட்டுகளை, எல்லாம் மேசைமேல் பரப்பினேன்.

டைம்ஸ்லிப்பில் பெரும்பாலோர் பார்ப்பது கடைசி எண்ணை மட்டும். அதற்கு முன்னால் 60 அடி, 330 அடி, 660 அடி, 1000 அடி என்று ஒவ்வோர் இடத்தையும் கடந்த நேரம் இருக்கிறது. கூடவே எட்டில் ஒரு பங்கு மைலிலும் கால் மைலிலும் காரின் வேகம். கடைசி வேகத்தை இறுதிக் கோட்டுக்கு முந்தைய 66 அடிக்குள் அளக்கிறார்கள். இதில் 60 அடி நேரம் டயர் எவ்வளவு பிடித்தது என்பதைச் சொல்கிறது. இறுதி வேகம் எஞ்சின் எவ்வளவு உழைத்தது என்பதைச் சொல்கிறது. கிளம்பும்போது டயர் கொஞ்சம் சுழன்றால் மொத்த நேரம் கெடும், ஆனால் இறுதி வேகம் பெரிதாக மாறாது. எஞ்சின் சக்தி குறைந்தால் 60 அடி ஏறக்குறைய அப்படியே இருக்கும், இறுதி வேகம் விழும்.

இப்படிப் பிரித்ததும் குழப்பம் பாதி தெளிந்தது. நல்ல ஓட்டம்: 60 அடி 1.74, மொத்தம் 11.60, வேகம் 121 மைல். ஒரு வகை மோசமான ஓட்டம்: 60 அடி 1.95, மொத்தம் 11.88, வேகம் அதே 121. இன்னொரு வகை: 60 அடி 1.75, மொத்தம் 11.93, ஆனால் வேகம் 117. இரண்டும் ஒன்றாக வந்த ஓட்டங்கள்தான் 12.2. அதாவது எனக்கு இருந்தது ஒரு கோளாறு அல்ல, ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கோளாறுகள். இரண்டும் தனித்தனி நேரத்தில் வந்து போனதால்தான் ஒழுங்கில்லாமல் தெரிந்தது. மொத்த நேரத்தை மட்டும் வைத்து ஆராய்ந்திருந்தால் ஆயுளுக்கும் கண்டுபிடித்திருக்க முடியாது என்பது என் உறுதியான எண்ணம். டயரைச் சரிசெய்த அன்று எஞ்சின் சக்தி குறைந்திருந்தால், டயரில் செய்தது வீண் என்று முடிவுகட்டிவிடுவோம்.

121-க்கும் 117-க்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு பெரியது? டிராக் ரேஸில் நெடுங்காலமாகப் புழங்கும் ஒரு கணக்கு உண்டு. குதிரைத்திறனைக் காரின் எடையால், பவுண்டில், வகுத்து, அதன் கனமூலத்தை 234 ஆல் பெருக்கினால் இறுதி வேகம் மணிக்கு இத்தனை மைல் என்று கிடைக்கும். தோராயமான கணக்குதான், ஆனால் கனமூலம் என்பதைக் கவனியுங்கள். வேகம் சுமார் 3 சதவீதம் குறைந்தால் சக்தி சுமார் 10 சதவீதம் போயிருக்கிறது என்று அர்த்தம். என் காரில், என்னையும் சேர்த்து 4,450 பவுண்டு எடைக்கு, 121 மைல் என்றால் 615 குதிரைத்திறன். 117 என்றால் 556. ஏறக்குறைய அறுபது குதிரைத்திறன் வருவதும் போவதுமாக இருந்திருக்கிறது. அது சின்னக் கோளாறாக இருக்க முடியாது. பெரிய கோளாறுக்குத் தடயமும் பெரிதாக இருக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அங்கேதான் வந்தது.

வானிலையையும் கணக்கில் எடுத்தாக வேண்டும். சூப்பர்சார்ஜர் கார் என்றால் காற்றின் அடர்த்தி பாதிக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். டிவிஎஸ் போன்ற சூப்பர்சார்ஜர் ஒரு சுற்றுக்கு இத்தனை லிட்டர் காற்று என்று அளந்து தள்ளுகிறது. எடை பார்த்துத் தள்ளுவதில்லை. காற்று மெலிந்திருந்தால் அந்த லிட்டருக்குள் ஆக்சிஜனும் குறைவு. என்னிஸ் கடல் மட்டத்திலிருந்து 500 அடி உயரத்துக்கு அருகில் இருக்கிறது. 35 டிகிரி செல்சியஸ் வெயிலில் அந்தக் காற்றின் அடர்த்தி 3,000 அடி உயரத்தில் இருக்க வேண்டிய அளவுக்கு இறங்கிவிடும். ஈரப்பதம் சேர்ந்தால் இன்னும் கீழே. 10 டிகிரி குளிரில் அது கடல் மட்டக் காற்றுக்குச் சமமாக வந்துவிடும். ஆகவே ஜூலை ஓட்டத்தை நவம்பர் ஓட்டத்தோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை. நான் ஒரே மாலைக்குள் ஓடிய ஓட்டங்களை மட்டும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தேன். அப்போதும் 121-உம் 117-உம் ஒரே மாலையில் இருந்தன. வானிலைமேல் குற்றமில்லை.

அடுத்தது லேப்டாப். காரின் கம்ப்யூட்டர் பதிவுகளைப் படிக்க உதவும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டி, ஒவ்வோர் ஓட்டத்திலும் ஆர்பிஎம், பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் ஏற்றும் காற்றழுத்தம்), சூப்பர்சார்ஜருக்கு முன்னால் உள்ள காற்றழுத்தம், உள்ளே நுழையும் காற்றின் வெப்பநிலை, இன்டர்கூலரைத் தாண்டிய காற்றின் வெப்பநிலை, இக்னிஷன் டைமிங் (பிஸ்டன் உச்சிக்கு வர எத்தனை டிகிரி முன்னால் தீப்பொறி விழுகிறது என்பது), நாக் சென்சார் குறைத்த டைமிங் (நாக் என்பது எரிபொருள் கட்டுப்பாடின்றி வெடிக்கும் தட்டல்), எரிபொருள் அழுத்தம், காற்று-எரிபொருள் விகிதம், கியர்பாக்ஸ் ஆயில் வெப்பநிலை எல்லாவற்றையும் பதிவு செய்தேன். பிறகு நல்ல ஓட்டம் ஒன்றையும் 117 மைல் ஓட்டம் ஒன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன்.

எரிபொருள் இரண்டிலும் ஒன்றுபோல. நாக் இரண்டிலும் இல்லை. முன்பக்கக் காற்றழுத்தம் ஒன்றேதான், அதனால் ஏர் ஃபில்டர் அடைப்பு இல்லை. இக்னிஷன் டைமிங்தான் பளிச்சென்று கண்ணில் பட்டது: நல்ல ஓட்டத்தில் 18 டிகிரி, மோசமான ஓட்டத்தின் முடிவில் 12. டைமிங் இப்படிக் குறைந்தால் சக்தியும் குறையும். நாக் இல்லாமலேயே கம்ப்யூட்டர் டைமிங்கைக் குறைக்கிறது என்றால் அது வெப்பநிலை அட்டவணையைப் பார்த்துக் குறைக்கிறது. இன்டர்கூலரைத் தாண்டிய காற்று நல்ல ஓட்டத்தில் 46 டிகிரியில் தொடங்கி 66-இல் முடிந்தது. மோசமான ஓட்டத்தில் 52-இல் தொடங்கி 98 வரை ஏறியது. தொடக்கத்தில் இரண்டுக்கும் இடையில் 6 டிகிரிதான். பத்துப் பன்னிரண்டு வினாடிக்குள் அது 32 டிகிரியாக விரிகிறது.

இதைவிட எனக்குப் பிடித்த தடயம் பூஸ்ட். மோசமான ஓட்டத்தில் பூஸ்ட் குறைந்திருக்கும் என்றுதான் எதிர்பார்ப்போம். சின்ன புல்லி போட்ட கார்களில் சூப்பர்சார்ஜரைச் சுழற்றும் பெல்ட் வழுக்குவது சகஜம். வழுக்கினால் 5,500 ஆர்பிஎம்முக்கு மேல் பூஸ்ட் வளைந்து கீழே இறங்கும். பார்த்த எல்லோரும் பெல்ட்டைத்தான் மாற்றச் சொன்னார்கள். ஆனால் பதிவு வேறு மாதிரி இருந்தது. நல்ல ஓட்டத்தில் 11.2 பிஎஸ்ஐ, மோசமான ஓட்டத்தில் 11.9. பூஸ்ட் கூடியிருக்கிறது!

யோசித்தால் இது நியாயம்தான். சூப்பர்சார்ஜர் தள்ளுகிற காற்றின் அளவு மாறவில்லை. இன்டர்கூலர் அதைக் குளிரவைத்தால் காற்று சுருங்கி அழுத்தம் கொஞ்சம் இறங்கும். குளிரவைக்காவிட்டால் சூடான காற்று விரிந்து நின்று அழுத்தத்தை ஏற்றும். ஆக, மீட்டரில் பூஸ்ட் அதிகம், சிலிண்டருக்குள் போகும் ஆக்சிஜன் குறைவு, டைமிங்கும் குறைவு. பூஸ்ட் மீட்டர் ஏறியதைப் பார்த்து மகிழும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அந்த மீட்டரைக் காற்றின் வெப்பநிலையோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டு. இந்த ஒரு வரைபடம் பெல்ட்டை விடுதலை செய்தது. இன்டர்கூலரைப் பிடித்துக் கொடுத்தது.

இந்த எஞ்சினில் இன்டர்கூலர் சூப்பர்சார்ஜரின் மூடிக்குள்ளேயே இருக்கிறது. சுருக்கப்பட்ட காற்று அங்குள்ள தண்ணீர் ஓடும் தகடுகள் வழியாகப் போய் எஞ்சினுக்குள் இறங்கும். அந்தத் தண்ணீர், அதாவது கூலன்ட் கலவை, எஞ்சின் ரேடியேட்டரோடு சேராத தனிச் சுற்று. ஒரு மின்பம்ப் அதைக் காரின் முன்னால் உள்ள சின்ன ரேடியேட்டருக்குத் தள்ளித் திரும்பக் கொண்டுவரும். 30 டிகிரி காற்றை 10 பிஎஸ்ஐக்கு அழுத்தினால் அது 100 டிகிரியைத் தாண்டிவிடும். எனவே 98 என்ற எண் சொல்வது ஒன்றுதான்: இன்டர்கூலர் ஏறக்குறைய எதுவுமே செய்யவில்லை.

ஏன் செய்யவில்லை என்று பார்க்க முதலில் பயன்பட்டது கை. ஓட்டம் முடிந்து திரும்பியதும், எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, முன்னால் இருக்கிற சின்ன ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸைத் தொட்டுப் பார்த்தேன். நல்ல ஓட்டத்துக்குப் பிறகு அது நன்றாகச் சுட்டது. 117 மைல் ஓட்டத்துக்குப் பிறகு வெளிக்காற்றின் அளவுக்கே இருந்தது. சூடு சூப்பர்சார்ஜருக்குள் இருக்கிறது, முன்னால் வந்து சேரவில்லை. தண்ணீர் நகரவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? (மின்விசிறி எப்போது வேண்டுமானாலும் சுழலத் தொடங்கும். கையை விடும்போது அதிலிருந்து தள்ளியே இருங்கள்.) ஊகமாக விடக் கூடாது என்று போகும் ஹோஸிலும் வரும் ஹோஸிலும் ஒவ்வொரு வெப்பநிலை சென்சார் வைத்துப் பதிவும் எடுத்தேன். மோசமான ஓட்டங்களில் முன் ரேடியேட்டரின் இரு பக்கமும் அசையாத கோடுகள்.

ஐஸ் பை ஏன் உதவவில்லை என்பதும் இப்போது விளங்கியது. மேலே வைக்கிற ஐஸ் அலுமினிய மூடியைக் குளிரவைக்கும், தொடக்க வெப்பநிலை சில டிகிரி இறங்கும். தண்ணீர் ஓடாதபோது ஓட்டத்தின் நடுவில் ஏறும் சூட்டை அது தடுக்காது. தவிர, உருகிய தண்ணீர் பாதையில் சொட்டினால் பின்னால் வருபவரின் உயிருக்கே ஆபத்து. எனக்கு அந்தப் பழக்கம் பிடிக்கவே பிடிக்காது.

தண்ணீர் நிற்க மூன்று காரணம் இருக்கலாம். சுற்றுக்குள் காற்று அடைத்திருக்கலாம், பம்ப் தேய்ந்திருக்கலாம், பம்புக்கு மின்சாரம் சரியாகப் போகாமல் இருக்கலாம். இந்த மூன்றையும் பிரித்துக் காட்டுவது கிளாம்ப் மீட்டர். பம்ப் ஒயரைச் சுற்றி மாட்டி ஆம்பியரைப் பார்த்தால் போதும். தண்ணீர் நிறைந்து நன்றாக ஓடும் பம்ப் ஒரு நிலையான அளவு மின்சாரம் இழுக்கும். ஏர்லாக் ஆனால் வெறுமனே சுழலும், ஆம்பியர் குறையும், ஆனால் பூஜ்யமாகாது. இறுகிப்போனால் ஆம்பியர் எகிறும். ஒயர் அறுந்தால் பூஜ்யம்.

திருநெல்வேலிக்கார நண்பர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருக்கிறார், எலக்ட்ரானிக்ஸ் வேலை. அவரை மீட்டரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு எஞ்சினை ஓடவிட்டு நன்றாகச் சூடேற்றினேன். முதலில் 3.6 ஆம்பியர், அசையாமல் நின்றது. அரை மணி நேரம் ஆகியும் அப்படியே. அப்புறம் பம்பருக்குப் பின்னால் ஓடும் ஒயர் கட்டை லேசாக ஆட்டினேன். "அண்ணே, இப்ப ஜீரோ! விட்டா திரும்ப வருது. இன்னொரு தடவ ஆட்டுங்க" என்றார். ஆட்டினால் பூஜ்யம், விட்டால் 3.4, இன்னொரு முறை ஆட்டினால் 2-க்கும் 3-க்கும் இடையே தள்ளாட்டம். பம்ப் நல்ல பம்ப். மின்சாரம்தான் போய்ச் சேரவில்லை.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க வோல்ட்டேஜ் டிராப் சோதனை. கார் மின்சாரத்தில் இதற்கு இணையான சோதனை இல்லை என்பேன். ஒயரைக் கழற்றி மல்டிமீட்டரில் ஓம் பார்த்தால், நூறு இழையில் ஓர் இழை ஒட்டியிருந்தாலும் 'சரி' என்றே காட்டும். சுமை ஓடும்போது அளந்தால்தான் உண்மை வெளிவரும். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் வைத்து, சிவப்பு முனையை பம்பின் எர்த் ஒயரில் வைத்தேன். நல்ல எர்த் என்றால் 0.1, மிஞ்சினால் 0.2 வோல்ட். இங்கே 2.8 வோல்ட்! 13.6 வோல்ட் கிடைக்க வேண்டிய பம்புக்கு 10.8 மட்டுமே கிடைத்துக்கொண்டிருந்தது, அதுவும் ஓடுகிற நேரத்தில். 2.8 வோல்ட்டை 3.4 ஆம்பியரால் பெருக்கினால் 9.5 வாட். நகக்கண் அளவு இணைப்புக்குள் இவ்வளவு சூடு.

டேப்பைப் பிரித்ததும் கதை முழுதும் தெரிந்தது. பெரிய பம்ப் போட்ட கடையில், பழைய மெல்லிய ஒயரோடு புது ஒயரை, நசுக்கி இணைக்கும் ஒரு சாதாரண கிரிம்ப் குழாயில் சேர்த்திருக்கிறார்கள். நீர்க்காப்பு எதுவும் இல்லை, வெறும் இன்சுலேஷன் டேப். செம்பு பச்சை பூத்து, பாதி இழைகள் உதிர்ந்து, குழாயின் பிளாஸ்டிக் பழுப்பேறி உருகியிருந்தது. எர்த் முனையை பெயின்ட் அடித்த பிராக்கெட்டில், பெயின்டைச் சுரண்டாமலேயே திருகியிருந்தார்கள். டிராக் ரேஸில் கார் பாய்ந்து கிளம்பும்போது முன்பக்கம் தூக்கும், எஞ்சின் ஒருபக்கம் முறுக்கும், ஒயர் கட்டு இழுபடும். அந்த நொடியில் இணைப்பு சில சமயம் விட்டுப்போகும், சில சமயம் பிடித்துக்கொள்ளும். வேலைக்குப் போகும் வழியில் இது தெரிந்ததே இல்லை; சாலையில் ஆக்சிலரேட்டரை அப்படி மிதிப்பதும் இல்லை, அவ்வளவு சூடு சேர்வதும் இல்லை. ஓட்டங்களுக்குள் ஒழுங்கே இல்லாததன் காரணமும் இதுதான்.

சரிசெய்தது எளிய வேலை. பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ், புது ரிலே. பழைய பம்ப் ஒயர் இப்போது ரிலேயை இயக்க மட்டும். சுமை முழுதும் புது ஒயரில். இணைப்புகள் எல்லாம் சரியான கருவியால் கிரிம்ப் செய்து, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடினேன். எர்த்தை பெயின்ட் சுரண்டிய பாடி உலோகத்தில் போல்ட் போட்டு, மேலே துருத் தடுப்பு பூசினேன். ஒயர் கட்டு இழுபடாதபடி இரண்டு இடத்தில் கிளிப், இடையில் கொஞ்சம் தளர்ச்சி. கூடவே, வரிசையில் எஞ்சினை அணைத்து நிற்கும்போதும் பம்ப் ஓட ஒரு சுவிட்ச். பம்ப் முனையில் இப்போது 13.5 வோல்ட்.

ஹோஸில் சென்சார் வைக்கத் திறந்ததால் சுற்றுக்குள் காற்று புகுந்திருக்கும். இந்தக் காரில் இன்டர்கூலர் சுற்றின் மிக உயரமான இடம் சூப்பர்சார்ஜர் மூடிதான், காற்று அங்கேதான் போய் உட்காரும். கூலன்ட் ஊற்றும் வாயைத் திறந்து ஊற்றி நிரப்பினால் காற்று முழுதாக வெளியேறாது. வேக்யூம் ஃபில்லர் கருவியால் சுற்றை உறிஞ்சி வெறுமையாக்கி, ஊசி இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்து (நின்றால் கசிவு இல்லை), பிறகு கூலன்டை உள்ளே இழுக்கவிட்டேன். சிறு கருவிதான், ஆனால் இந்த வேலையில் அதற்குப் பதில் வேறு எதுவும் இல்லை.

அடுத்த மாலையில் இறுதி வேகங்கள் எல்லாம் 120.6-க்கும் 121.2-க்கும் இடையில் வந்தன. இன்டர்கூலரைத் தாண்டிய காற்று எந்த ஓட்டத்திலும் 68-ஐத் தாண்டவில்லை. டைமிங் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தன. ஒரே மாலையில் அவ்வளவு ஓட்டங்களின் கோடுகள் ஒரே கோடாகத் தெரிந்ததைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. 11.6 வந்த முதல் நாளில்கூட அப்படி இல்லை.

ஆனால் மொத்த நேரம் இன்னும் 11.6-லிருந்து 11.9 வரை ஆடியது. எதிர்பார்த்ததுதான், இரண்டாவது கோளாறு அங்கேயே இருந்தது. 60 அடியில் இழக்கும் 0.1 வினாடி கால் மைல் முடிவில் ஏறக்குறைய 0.15 ஆகும் என்பது பழைய கணக்கு. 1.74-க்கும் 1.95-க்கும் இடையிலான வித்தியாசம் முடிவில் 0.3 வரை வருவது பொருந்துகிறது.

டயரில் முதலில் பிடிபட்டது வெயில். ஓட்டங்களுக்கு இடையே கார் நிற்கும் இடத்தில் மாலை வெயில் ஒரு பக்கமாக அடிக்கும். வெயில் பட்ட பின்டயர் 22 பிஎஸ்ஐ, நிழல்பக்க டயர் 20. இரண்டும் காலையில் ஒரே அளவில் வைத்தவை. டிராக் ரேடியலுக்கு 2 பிஎஸ்ஐ பெரிய வித்தியாசம். ஒரு டயர் பிடித்து மற்றது சுழன்று, கார் ஒருபக்கம் இழுத்துக்கொண்டே கிளம்பும். இப்போது காற்றை வைப்பது வரிசையில், ஓடுவதற்குச் சற்று முன், நல்ல மீட்டரால், இரண்டு பக்கமும் 20. காத்திருக்கும்போது வெயில் பக்கத்து டயரை ஒரு துணியால் மறைத்துவிடுகிறேன்.

பர்ன்அவுட்டையும், அதாவது ஓடுவதற்கு முன் பின்டயரை நனைத்துச் சுழலவிட்டுச் சூடேற்றுவதையும், நிலைப்படுத்தினேன். தண்ணீர்ப் பெட்டிக்குள் (டயரை நனைக்கப் பாதையில் தண்ணீர் விட்டிருக்கும் இடம்) முன்சக்கரத்தை விடாமல் சுற்றிப்போய், பின்சக்கரத்தை மட்டும் அதன் ஓரத்தில் வைக்கிறேன். முன்டயர் தண்ணீரை அள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் கோட்டில் சொட்டவிட்டால், அதன்மேலேயே பின்டயர் ஏறும். புகை கிளம்பியதும் நிறுத்திவிட வேண்டும். டிராக் ரேடியலை நீண்ட நேரம் தேய்த்தால் பார்க்க நன்றாயிருக்கும், 60 அடிக்கு எந்தப் பயனும் இல்லை.

மிச்சமிருந்தது ஸ்டேஜ் செய்யும் முறை, அதாவது ஸ்டார்ட் கோட்டின் ஒளிக்கதிருக்குள் முன்டயரை நிறுத்தும் முறை. ஆட்டோமேட்டிக் காரில் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆர்பிஎம்மை ஏற்றும்போது கார் சில அங்குலம் முன்னால் நகர்ந்துவிடும். ஸ்டேஜ் ஒளிக்கதிரைவிட்டு டயர் வெளியேறும் நொடியில்தான் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. டயர் ஏற்கனவே ஆழமாகப் போயிருந்தால், கார் வேகமெடுப்பதற்குள் கடிகாரம் தொடங்கிவிடும், 60 அடி கூடும். ஆக, ஒரே மாதிரிக் கிளம்பினாலும் எண் மாறும். இப்போது ஸ்டேஜ் ஆனதைக் காட்டும் இரண்டாவது விளக்கு எரிந்த அந்த நொடியில் நின்று, 1,600 ஆர்பிஎம்முக்கு மேல் ஏற்றுவதில்லை. அந்த அளவில் பிரேக் காரைப் பிடித்து வைத்திருக்கிறது. கியர்பாக்ஸ் ஆயிலும் 80 டிகிரி தாண்டிய பிறகே முதல் ஓட்டம். குளிர்ந்த ஆயிலில் கிளம்புவது வேறு மாதிரி இருக்கிறது என்பதைப் பதிவுகள் காட்டின.

இவையெல்லாம் சேர்ந்த பிறகு 60 அடி 1.73-க்கும் 1.78-க்கும் இடையில் நிற்கிறது; மொத்த நேரம் குளிர்ந்த மாலைகளில் 11.60 முதல் 11.70 வரை. ஆகஸ்ட் வெயிலில் 11.9-உம் 118 மைலும்தான் வரும். ஆனால் அந்த மாலை முழுக்க அதே 11.9 வரும். இந்தக் காரில் நான் தேடியது அதுதான்.

ஒரே ஒரு பொருள் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். பம்ப் ஒயரில் ஒரு சின்ன மின்னோட்ட சென்சார், ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அதன் எண் காட்டி. தண்ணீர்ப் பெட்டியை நோக்கி நகரும் முன் அதைப் பார்க்கிறேன். புது ஒயரில் இப்போது 4 ஆம்பியருக்கு ஒட்டி நிற்கிறது. 3.5-க்குக் கீழே போனால் அந்த ஓட்டத்தை விட்டுவிட்டு வரிசையிலிருந்து வெளியே வருவதாக முடிவு.